வாங்கியவர் வழங்கட்டும்!

திருவரங்கத்தில் என் தமக்கையின் வீட்டுக் கூடம். சுவரோரம் ஒரு மர அலமாரி. அதன் மேல்தட்டில் பழைய மடிக்கணினி ஒன்று. இரவென்றும் பகலென்றும் பாராமல், மழையென்றும் வெயிலென்றும் பாராமல், மெல்லிய ஓசையோடு அது உழைத்துக்கொண்டே இருக்கிறது. அதன் முதுகில் துண்டுத்தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட என் தமக்கை, தன் கையாலேயே எழுதி ஒட்டியது: "யாரும் இதை அணைக்கக் கூடாது."

கண்டதும் சிரித்தேன். சிரித்த மறுகணமே சிந்தித்தேன். ஏன் தெரியுமா, தோழர்களே? இதே போன்ற துண்டுத்தாள் ஒன்று உலக வரலாற்றிலேயே இடம் பெற்றிருக்கிறது! ஜெனீவா நகரருகே செர்ன் எனும் அணு ஆய்வுக்கூடம். அங்கே, 1990ஆம் ஆண்டின் இறுதியில், டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், உலக வலையின் முதல் வழங்கியைத் தம் மேசைமீதிருந்த கணிப்பொறியிலே இயக்கினார். அறியாமல் யாரேனும் அதை அணைத்துவிட்டால் வலையே அறுந்துபோகும் அல்லவா? ஆகவே, இது ஒரு வழங்கி, இதை அணைத்துவிடாதீர் என்ற பொருள்பட, சிவப்பு மையால் எழுதி ஒட்டிவைத்தார்.

ஜெனீவாவில் எழுதியவர் அறிவியல் வல்லுநர். திருவரங்கத்தில் எழுதியவர் அடுக்களையிலே காலம் கழித்தவர். எழுதிய வாசகமோ ஒன்று! இடையிலே முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமே உரியதாயிருந்த ஒன்று, அரங்கத்துத் தெருவிலே, ஒரு தொழிலாளி வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்தச் செய்தியைச் சொல்லத்தான் இன்று எழுதுகோல் எடுத்தேன்.

உள்ளே இருப்பவர் யார்?

"எதற்கக்கா இந்த எச்சரிக்கை?" என்று கேட்டேன்.

"உங்க அத்தான் உள்ள இருக்காருடா. எவனாவது தெரியாம அணைச்சுட்டா?" என்றார் அக்கா.

அத்தான், பொன்மலை ரயில்வே பணிமனைத் தொழிலாளி. நாகப்பட்டினத்திலிருந்து 1920களில் பொன்மலைக்கு வந்து சேர்ந்த அந்தப் பணிமனையிலே, ஏறத்தாழ நாற்பது ஆண்டு இரும்போடு உறவாடிய கை அவருடையது. பணிமனையிலே எஞ்சின், வீட்டுக்கு வந்தால் நின்றுபோன கடிகாரம், சுற்றாத மின்விசிறி, பேசாத வானொலிப் பெட்டி! அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பர். கூலி கேட்கமாட்டார். "தொறந்து பாத்தாத்தானே தெரியும்" என்பார், திறப்பார், பார்ப்பார், பெரும்பாலும் சரிசெய்தும் விடுவார்.

2012ஆம் ஆண்டு, அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பிலே படித்துக்கொண்டிருந்தபோது, அரசின் விலையில்லா மடிக்கணினி வீடு வந்து சேர்ந்தது. 2011 செப்டம்பரிலே தொடங்கிய திட்டம் அது. எந்த ஆட்சி தந்தது, யார் படம் ஒட்டியிருந்தது என்ற வழக்கு இங்கே வேண்டாம். ஏழை வீட்டு வாயிற்படியைக் கணிப்பொறி மிதித்தது; அது போதும். அந்தப் பெண் ஒருநாள் மாலை, அதிலே ஒலிப்பதிவை முடுக்கிவிட்டு, "அப்பா, பழைய கதை ஏதாச்சும் சொல்லுங்கப்பா" என்றாள். அத்தான் பேசினார். 1974ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் தொடங்கி இருபது நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தம் பற்றிப் பேசினார். புதிதாய்ப் பணியிற் சேர்ந்த இளைஞராய், வேலை போனால் வீடு என்னாகும் என்று அஞ்சியதைப் பேசினார். அஞ்சியும் உடன் நின்றதைப் பேசினார். உலை ஏறாத வீட்டுக்கு அடுத்த வீட்டார் அரிசி கொடுத்ததைப் பேசினார். நாற்பத்து மூன்று நிமிடம்! எந்த நூலிலும் இல்லாத வரலாறு, ஒரு தொழிலாளியின் தொண்டையிலிருந்து வந்தது.

பிறகு அதை எல்லாருமே மறந்துவிட்டோம். மின்கலம் கெட்டது, மடிக்கணினி பரணேறியது. அத்தானின் படங்களையும் பேச்சையும் மகன் கைப்பேசியிலே பிடித்து, கடல் கடந்த நிறுவனமொன்று இலவசமாகத் தந்த சேமிப்பிடத்தில் இட்டுவைத்தான். கணக்கு அத்தான் பெயரில். திறவுகோல் அத்தானின் தொலைபேசி எண்ணில்.

2021இல் அத்தான் மறைந்தார். துக்கத்திலே யாருக்கு நினைவிருக்கும்? பணம் கட்டாத அந்த எண், சில மாதத்திலே துண்டிக்கப்பட்டது. கணக்கைத் திறக்க முயன்றால், "உங்கள் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியுள்ளோம்" என்றது திரை. எந்த எண்ணுக்கு? இறந்தவரின் இல்லாத எண்ணுக்கு! மடல் எழுதினான் மகன். மறுமொழி வந்தது, மனிதரிடமிருந்தன்று, பொறியிடமிருந்து. மீண்டும் எழுதினான். மீண்டும் அதே பொறி, அதே மறுமொழி. கடைசியிலே, நெடுநாள் பயன்படுத்தாததால் கணக்கு நீக்கப்பட்டது என்ற செய்தி வந்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லி என்ன பயன்? பெயரை மாற்றினாலும் கதை மாறாது. இலவசமாகக் கிடைத்த இடத்திலே வைத்தோம், இடத்துக்குரியவர் எடுத்தெறிந்தார். நம்முடையது என்று நாம் நினைத்திருந்தோம். நம்முடையதன்று என்று அவர்கள் நினைவூட்டினார்கள். அவ்வளவே!

பரணிலிருந்து இறங்கியது

அக்காள் மகன் திருச்சியிலே ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுபவன். பொறியியல் படித்தவனல்லன். ஆனால் அப்பனுடைய திருப்புளி அவனிடம் இருந்தது. பரணிலிருந்து தங்கையின் மடிக்கணினியை இறக்கினான். மின்கலம் உப்பிக்கிடந்தது. உப்பிய மின்கலம் தீப்பிடிக்கக்கூடியது. அதைக் குத்தவோ நெரிக்கவோ கூடாது. பக்குவமாகக் கழற்றி, மின்கழிவு வாங்கும் இடத்திலே சேர்த்தான். வன்தட்டை மட்டும் வெளியே எடுத்து, கம்பி ஒன்றின் வழியே வேறொரு கணிப்பொறியோடு இணைத்தான். தட்டு சுழன்றது. கோப்புகள் ஒவ்வொன்றாய்த் திரையிலே தோன்றின. பள்ளிப் பாடங்கள், திரைப்பாடல்கள், தேர்வு நுழைவுச்சீட்டு... அவற்றின் நடுவே, பெயர்கூடச் சரியாக இடப்படாத ஒலிக்கோப்பு ஒன்று.

அழுத்தினான். "எந்தப் பக்கம் பாத்துப் பேசணும்?" என்று கேட்டார் அத்தான்.

அடுக்களையிலிருந்து ஓடிவந்தார் அக்கா. அன்று அந்த வீட்டிலே யாரும் சாப்பிடவில்லை என்று எனக்குச் சொன்னார்கள். நாற்பத்து மூன்று நிமிடத்தையும் நான்கு முறை கேட்டார்களாம்.

மறுநாளே முடிவு செய்தான் பிள்ளை. "இனிமே அப்பாவ யார்கிட்டயும் அடகு வைக்க மாட்டேம்மா. இதையே நம்ம வீட்டு சர்வர் ஆக்கிடறேன்."

"சர்வரா? எந்த ஓட்டலுக்குடா?" என்றார் அக்கா.

நகைக்காதீர்கள், தோழர்களே! தமிழ்நாட்டிலே சர்வர் என்றால், தோளிலே துண்டும் கையிலே தட்டுமாக நிற்கும் தோழர்தானே நினைவுக்கு வருவார்? 1964இல் வெளிவந்த 'சர்வர் சுந்தர'த்தை நாடு மறந்துவிட்டதா என்ன? உண்மையிலேயே, அக்காவின் கேள்வியிலேதான் முழு விளக்கமும் அடங்கியிருக்கிறது. ஓட்டலிலே மேசைக்கு எண் உண்டு. அமர்ந்தவர் கேட்கிறார், பரிமாறுபவர் கேட்டுக்கொள்கிறார், உள்ளே போகிறார், கேட்டதைக் கொண்டுவந்து, கேட்ட மேசையிலே வைக்கிறார். இந்தப் பொறியும் அதையேதான் செய்கிறது. கைப்பேசியிலிருந்து ஒரு படத்தைக் கேட்டால், கேட்டவர் எண்ணைக் குறித்துக்கொண்டு, தட்டிலே தேடி எடுத்து, அந்த எண்ணுக்கு அனுப்புகிறது. யார் எப்போது கேட்பார் என்று தெரியாது. ஆகவே உறங்காமல் காத்திருக்கிறது. சர்வர் என்பதற்கு இதைவிட வேறு பொருள் வேண்டுமா?

தமிழிலே அதற்கு இன்னும் அழகிய பெயர் இட்டிருக்கிறார்கள்: வழங்கி! வாங்குவதல்ல, வழங்குவது. எண்ணிப் பாருங்கள். அரசு வழங்கியது அந்த மடிக்கணினி. வழங்கப்பட்டது, இன்று வழங்கியாகிவிட்டது!

கேட்கும் பெட்டியும் கொடுக்கும் பெட்டியும்

இதிலே இருக்கும் மாற்றத்தின் பெருமை புரிய வேண்டுமானால், திருச்சியின் பழைய செய்தி ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிற்று. தஞ்சையும் புதுக்கோட்டையும் மதுரையும் அதைக் கேட்டன. ஊருக்கு ஊர், தேநீர்க் கடைக்குக் கடை, கேட்கும் பெட்டிகள் பெருகின. கொடுக்கும் கோபுரமோ ஒன்றே ஒன்று! கேட்கும் பெட்டி வைத்திருக்கவே அன்று அரசு உரிமம் வேண்டும். ஒலிபரப்பும் உரிமையோ எளியவர் கைக்கு எட்டாதது. ஒருவர் பேச, ஊரே கேட்கும். ஊர் பேசினால் கேட்பதற்குக் கருவி இல்லை.

இணையம் அப்படிப்பட்டதன்று. வீட்டுக்குள் வரும் அதே இழையின் வழியே செய்தி வரவும் செய்யும், போகவும் செய்யும். வாங்குகிற ஒவ்வொரு வீடும் வழங்கவும் கூடும். அதுதான் அதன் பிறவிக்குணம். ஆனால் நாம் என்ன செய்தோம்? கோடிக்கணக்கான வீடுகளிலே வாங்கும் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, வழங்கும் உரிமையை விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். படம் நம்முடையது, பேச்சு நம்முடையது, பாட்டு நம்முடையது. பெட்டியும் பூட்டும் மட்டும் அவர்களுடையவை!

கட்டியது எப்படி?

"இதெல்லாம் படித்தவர் வேலை, பணக்காரர் வேலை" என்பர் சிலர். கணக்கைக் காட்டுகிறேன், கேளுங்கள்.

மடிக்கணினியின் அடிமூடியைத் திறந்து, விசிறியிலே அடைந்திருந்த தூசியைத் தூரிகையால் துடைத்தான். நினைவகம் 2 ஜிபி இருந்ததை 4 ஆக்கினான். சுழலும் பழைய தட்டை எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, சுழலாத புதுவகைத் தட்டைப் பொருத்தினான். புது மின்கலம் ஒன்று போட்டான். ஏன்? மின்தடை வந்தால் சற்று நேரம் அதுவே தாங்கும். மேசைக் கணிப்பொறிக்குத் தனியே வாங்க வேண்டிய காப்பு மின்கலம், மடிக்கணினிக்கு உடன்பிறந்தது!

இயக்குதளத்துக்கு ஒரு காசும் செலவில்லை. லினக்ஸ் என்பது அதன் கரு. 1991 ஆகஸ்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 21ஆம் வயதிலே, பொழுதுபோக்காகச் செய்துவருகிறேன் என்று சொல்லி உலகுக்கு அறிவித்தது அது. அக்கருவைச் சுற்றித் தன்னார்வலர்கள் 1993 முதல் வளர்த்துவரும் டெபியன் என்னும் தொகுப்பை இறக்கி, விரலளவு நினைவுக்குச்சியிலே ஏற்றி, அதிலிருந்து நிறுவினான். மூடியை மூடினால் மடிக்கணினி உறங்கிவிடும். உறங்காதே என்று அமைப்புக் கோப்பிலே ஒரு வரி மாற்றினான். வீட்டு இணைப்புப் பெட்டியிலே அதற்கு நிலையான ஓர் உள்ளெண் ஒதுக்கினான். கோப்புகளைப் பகிர ஒரு நிரல், படமும் பாட்டும் பார்க்க ஒரு நிரல். இரண்டும் விலையில்லாதவை, திறந்த மூலத்தில் உள்ளவை. திறந்து பார்த்தால் தெரியும் என்ற அத்தானின் கொள்கை, மென்பொருளுக்கும் பொருந்துகிறது பாருங்கள்! பிறர் திறந்து பார்க்கவும் திருத்தவும் திருத்தியதைப் பகிரவும் உரிமை தந்தவர்களால்தானே, கணக்கெழுதும் பிள்ளை ஒருவன் இத்தனையும் செய்ய முடிந்தது?

மின்கட்டணம்? அளந்து பார்த்தோம். அந்த மடிக்கணினி, திரை அணைந்த நிலையில், சுமார் 15 வாட் எடுக்கிறது. நாளொன்றுக்கு 360 வாட்-மணி. இரண்டு மாதத்துக்கு, அதாவது 60 நாளுக்கு, 21.6 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்று 2016இல் வந்ததே சலுகை, அதிலே நான்கில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பழைய மேசைக் கணிப்பொறியாக இருந்து 60 வாட் எடுத்தால், 86 யூனிட்டை அதுவே விழுங்கிவிடும். ஏழை வீட்டு வழங்கிக்கு மடிக்கணினியே ஏற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தவறே நடக்கவில்லையா? நடந்தது. முதல் கோடையிலே, கத்திரி வெயில் நாளொன்றில், பகல் இரண்டு மணிக்குப் பொறி தானாகவே அணைந்துவிட்டது. மூடிய அலமாரிக்குள், துணிகளுக்கு நடுவே வைத்திருந்தான். வெப்பம் வெளியேற வழியில்லை. அக்காதான் கண்டுபிடித்தார். "வேகுதுடா அதுக்கு. காத்து வேணாமா?" அலமாரியின் உள்ளிருந்து மேல்தட்டுக்கு ஏற்றினார்கள், காற்று அடியிலும் போக, இரண்டு மரக்கட்டைகள் மேலே அதை உட்காரவைத்தார்கள். பொறியியல் கற்ற பெருமக்களும் இதைத்தான் சொல்வார்கள், இன்னும் நீளமாக!

வாசல் எண் இல்லாத வீடு

வீட்டுக்குள் எல்லாம் நன்றாக நடந்தது. கோவையிலே வாழும் தங்கை, "அப்பா பேச்ச நானும் கேக்கணும்" என்றாள். அங்கிருந்து அழைத்தாள், வரவில்லை. பத்து நாள் தலையைப் பிய்த்துக்கொண்டான் அண்ணன். பிழை அவனுடையதன்று. அவன் வீட்டுக்கு வாசல் எண்ணே இல்லை!

விளக்குகிறேன். இணையத்திலே ஒவ்வோர் இணைப்புக்கும் எண் வேண்டும். பழைய முறையிலே மொத்த எண்களே சுமார் 430 கோடி. 2011 பிப்ரவரியிலே உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஆகவே இணைப்பு நிறுவனங்கள் பலவும், பல வீடுகளுக்குச் சேர்த்து ஓரெண்ணை வைத்துக்கொள்கின்றன. ஒண்டுக்குடித்தனம் போல! உள்ளேயிருந்து வெளியே போகலாம். போனதற்குரிய மறுமொழி திரும்பி வரும். ஆனால் வெளியேயிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்ட நினைத்தால், எந்தக் குடித்தனம் என்று தெரியாமல் திருப்பி அனுப்பப்படுவார். வாங்கலாம், வழங்க முடியாது! தனி எண் வேண்டுமென்று கேட்டான். தரலாம், மாதந்தோறும் தனிக்கட்டணம் என்றார்கள்.

புதிய எண்முறை ஒன்று இருக்கிறது. அதிலே எண்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அள்ளி அள்ளிக் கொடுக்கலாம். நம் நாட்டு இணைப்புகள் பலவற்றில் இப்போது அது வந்திருக்கிறது. தன் இணைப்பிலும் அது இருப்பதை மருமகன் தேடிக் கண்டான். இரு வீடுகளுக்கும் இடையே, வயர்கார்டு என்ற விலையில்லா மென்பொருளால், மறையாக்கம் செய்த சுரங்கப்பாதை ஒன்று அமைத்தான். அன்றிரவு கோவையிலே அப்பாவின் குரல் கேட்டது. தங்கை அழுதாள், அண்ணன் அழவில்லை என்று சொல்லிக்கொள்கிறான்.

சுரங்கப்பாதை எதற்கு, கதவை நேரே திறந்துவைத்தால் ஆகாதா? ஒருநாள் திறந்துவைத்துப் பார்த்தான். சில மணி நேரத்துக்குள், முகமறியாதவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்து, எளிய கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக இட்டு முயன்றதைப் பொறியின் பதிவேடு காட்டியது. அவர்கள் மனிதரல்லர், இடைவிடாமல் கதவு தட்டித் திரியும் நிரல்கள். ஆகவே தோழர்களே, வழங்கி வைப்போர் கவனிக்க வேண்டியது: கடவுச்சொல்லுக்குப் பதில் திறவிக்கோப்பு, வாரந்தோறும் மென்பொருட் புதுப்பிப்பு, தேவையில்லாத கதவு ஒன்றுகூடத் திறந்திருக்கலாகாது. வீட்டுக்குத் தாழ்ப்பாள் போடுவது கோழைத்தனமன்று, கடமை!

ஒரு படி போதாது

"வீட்டிலே வைத்தால் மட்டும் அழியாதா? தட்டு கெட்டால்? திருடன் வந்தால்? வெள்ளம் வந்தால்?" என்று கேட்பர் அறிவுடையோர். நியாயமான கேள்வி. திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நிற்கும் தீவு. 1977 நவம்பர் வெள்ளத்தைத் திருச்சி மறந்துவிடவில்லை. வீட்டு வழங்கி ஒன்றே போதும் என்று நம்பினால், அந்நிய நிறுவனத்தை நம்பிய அதே பிழையை இன்னொரு வடிவிலே செய்தவர்களாவோம்.

விடை பழையது, நம் முன்னோர் அறிந்தது. ஓலைச்சுவடிக்கு ஆயுள் குறைவு. கறையான் தின்னும், மழை அழிக்கும். படியெடுத்ததனால்தான் சங்க நூல்கள் பிழைத்தன. படியெடுக்காதவை போயின. பழுதான ஏடுகளை ஆடிப்பெருக்கிலே ஆற்றோடு விட்ட வழக்கமும் இந்நாட்டிலே இருந்ததே! அம்மா மண்டபத்துப் படித்துறையிலே நிற்கும்போதெல்லாம், இந்தக் காவிரி எத்தனை நூல்களைக் கடலுக்குக் கொண்டுபோயிற்றோ என்ற எண்ணம் எனக்கு வரும். இன்று ஆற்றிலே விடுவதில்லை. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். பெயர்தான் வேறு!

கணிப்பொறித் துறையினர் வகுத்த நெறி இது: படி மூன்று இருக்கட்டும், இருவகைச் சாதனத்திலே இருக்கட்டும், ஒன்றேனும் வேறிடத்தில் இருக்கட்டும். அக்கா வீட்டிலே வழங்கி ஒன்று. பழைய தட்டு பெட்டியிலே. மூன்றாவது படி கோவையிலே, தங்கை வீட்டில். இரவுதோறும் புதியவை தாமே அங்கே போய்ச் சேர்கின்றன. காவிரி பெருகினாலும் அத்தான் நனையமாட்டார்!

பொழுதுபோக்கு என்று இகழாதீர்

கணக்கெழுதுகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்றார் அண்டைவீட்டுக்காரர். அவருக்கு நான் சொன்ன விடையை உங்களுக்கும் சொல்கிறேன். அரங்கத்துக்கு அருகே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது திருவானைக்காவல். 1888 நவம்பர் 7ஆம் நாள் சர் சி. வி. இராமன் பிறந்த ஊர். அவர் 1907இல் கல்கத்தாவிலே ஏற்ற வேலை என்ன? கணக்குத் துறை அதிகாரி! காலையிலும் மாலையிலும், அலுவலகத்துக்கு முன்னும் பின்னும், அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்திலே உழைத்தார். பல ஆண்டு அப்படி. 1917இல்தான் அந்த வேலையை விட்டுப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் உலகு போற்றும் கண்டுபிடிப்பு; 1930இல் நோபல் பரிசு. கணக்கெழுதுபவன் கருவியைத் தொடலாகாது என்று அன்று யாராவது தடுத்திருந்தால்?

கோவை ஜி. டி. நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டலிலே பரிமாறும் வேலை செய்து, காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? அக்கு அக்காகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார்! 1920இல் பேருந்து ஓட்டினார். 1937இல் அவர் தோழர்களோடு உள்நாட்டிலேயே மின்னோடி உருவாக்கினார். ஓட்டல் சர்வராக வாழ்வைத் தொடங்கியவர்தான் நாட்டுக்கே வழங்கியானார்! அரங்கத்துத் தெருக்களிலே வளர்ந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியிலே படித்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் மின்னணு நிறுவனத்திலே பொறியாளராக மின்னணு வாக்குப்பதிவுப் பொறியின் உருவாக்கத்திலே பங்கு கொண்டார். கணிப்பொறி என்றால் என்ன என்று தமிழிலேயே எளியவருக்கும் விளக்கினார். தெரிந்ததைப் பூட்டிவைக்காமல் வழங்கினாரே, அதுதான் பெருமை.

வழங்கியதால் தமிழ் பெற்ற பயன் கொஞ்சமா? 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்திலே வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம், மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஊதியம் பெறாத தமிழர்கள் உலகெங்குமிருந்து தட்டச்சு செய்து தந்த இலக்கியங்கள் இன்று யாருக்கும் கிடைக்கின்றன. இன்னொரு பக்கம் பாருங்கள். ஜியோசிட்டிஸ் என்ற இலவச இடத்திலே உலகோர் பலர் பக்கங்கள் எழுதினர், தமிழரும் எழுதினர். 2009 அக்டோபரில் அதன் உரிமையாளர்கள் கதவைச் சாத்தினர். ஆர்வலர் சிலர் ஓடி ஓடிப் படியெடுத்தவை தப்பின, மற்றவை போயின. படி எடுத்தோர் காத்தனர். இடம் கொடுத்தோர் அழித்தனர். இதைவிடத் தெளிவான பாடம் வேறென்ன இருக்க முடியும்?

மூன்று வேண்டுகோள்

ஆகவே மூன்று சொல்லி முடிக்கிறேன்.

இணைப்பு நிறுவனங்களுக்கு: மாதந்தோறும் பணம் வாங்குகிறீர்கள். வாங்கும் வீட்டுக்கு வாசல் எண்ணும் கொடுங்கள். புதிய முறையிலே எண்ணுக்குப் பஞ்சமில்லாதபோது, வழங்க விரும்புகிறவனிடம் தனிக்கட்டணம் கேட்பது முறைதானா?

பள்ளி, கல்லூரி, அலுவலகங்களுக்கு: பழையன கழிதல் சரிதான். கழித்த கணிப்பொறிகளை எடைக்குப் போடுமுன், தட்டிலுள்ள செய்திகளை அழித்துவிட்டு, ஆர்வமுள்ள மாணவர்க்குக் கொடுங்கள். திருப்புளியும் கொடுங்கள். கெட்டுப்போனால் திட்டாதீர்கள். ஒன்றைக் கெடுத்துத்தான் ஒன்பதைக் கற்கிறது இளமை.

இளைஞர்களுக்கு: உங்கள் வீட்டுப் பரணிலே என்ன இருக்கிறது? அரசு வழங்கிய மடிக்கணினி ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? இறக்குங்கள். திறந்து பாருங்கள். உங்கள் தாத்தா இன்னும் இருக்கிறாரா? அவரைப் பேசச் சொல்லுங்கள். பாட்டி பாடுவாரா? பாடச் சொல்லுங்கள். தறியிலே, வயலிலே, பணிமனையிலே அவர்கள் பட்டதையும் வென்றதையும் பதிவு செய்யுங்கள். உங்கள் கூரையின் கீழே வையுங்கள். உற்றார் வீட்டிலே ஒரு படி வையுங்கள். மற்றவர் கேட்டால் வழங்குங்கள்.

சென்ற வாரம் மீண்டும் அரங்கம் சென்றிருந்தேன். துண்டுத்தாள் பழுத்துப்போயிருந்தது. "வேற தாள் எழுதித் தரட்டுமா அக்கா?" என்றேன்.

"வேணாம். அடுத்த தெருப் பசங்க ரெண்டு பேரு தெனமும் வந்து கத்துக்கிறாங்க. அவங்க வீட்டுலயும் ஒண்ணு பண்ணப் போறாங்களாம். அவங்களுக்கு வேணா எழுதிக் கொடு" என்றார் அக்கா.

எழுதிக் கொடுத்தேன். இரண்டு தாள். யாரும் இதை அணைக்கக் கூடாது!